கட்டிலருகே ஸ்கான்: அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாகப் புறோப் பிடிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விபத்து மற்றும் அவசர சிகிச்சைப் பிரிவில் புதிதாக வேலை தொடங்கும் வைத்தியர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் நின்றாலும் சரி, பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளில் நின்றாலும் சரி, ரேடியோலொஜிக்குக் கொண்டுபோக முடியாத நிலையில் ஒரு நோயாளி கட்டாயம் வருவார். அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றபடியே பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் பற்றியது இது. புறோப் என்பது உடலில் வைத்துப் படம் எடுக்கும் அதன் கைப்பிடிக் கருவி.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் படம் எடுப்பதில் இல்லை, வரிசையில்தான். ஜெல் பூசிய பிறகு யோசிக்கத் தொடங்குகிறார்கள். சரியாகத் தெரியாததை 'இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். இந்த இரண்டையும் விட்டால் மிச்சம் பழக்கத்தில் வரும். பழக்கம் என்றால் சீனியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கத் திரும்பத் திரும்ப எடுத்த ஸ்கான்கள். அது இல்லாமல், இதைப் படித்த தைரியத்தில் மட்டும் தனியாக முடிவெடுக்க வேண்டாம்.

1. முதலில் கேள்வி, பிறகு புறோப்

ரேடியோலொஜி ஸ்கான் ஓர் உறுப்பை முழுதாக விவரிக்கும். கட்டிலருகு ஸ்கான் ஒரே ஒரு கேள்விக்கு விடை தேடும். வயிற்றுக்குள் இரத்தம் இருக்கிறதா? இதயத்தைச் சுற்றி நீர் இருக்கிறதா? இந்தப் பக்க நுரையீரல் அசைகிறதா? ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும். "வயிற்றை ஒருக்காப் பார்ப்பம்" என்பது கேள்வி இல்லை.

கேள்வியை வாய்விட்டுச் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் தாதிக்கும் கேட்கட்டும். ஆம் என்றால் என்ன செய்வேன், இல்லை என்றால் என்ன செய்வேன் என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். இரண்டுக்கும் ஒரே வேலைதான் என்றால் அந்த ஸ்கானுக்கு இப்போது அவசரம் இல்லை.

மூன்றாவது விடையும் உண்டு: 'தெரியவில்லை'. வயிற்றில் வாயு நிறைந்திருக்கலாம், நோயாளி பருமனாக இருக்கலாம், காயத்துக்குக் கட்டுப் போட்டிருக்கலாம். அந்த விடையை வெட்கப்படாமல் எழுதுங்கள். அதை 'இல்லை' ஆக்கினால் அடுத்த ஷிப்டில் வருபவர் அதை நம்பி சி.ரி. ஸ்கானைத் தள்ளிப்போடுவார்.

இன்னொன்று. சுவாசப் பாதை, ஒட்சிசன், சேலைன் ஏற்றக் கனியூலா, வெளியே தெரியும் இரத்தப்போக்கை அமுக்கிப் பிடிப்பது எல்லாம் ஸ்கானுக்கு முன். ஆள் பலம் இருந்தால் கூடவே நடக்கலாம். ஸ்கானுக்காக எதுவும் நிற்கக் கூடாது.

2. மெஷினையும் கட்டிலையும் தயார் செய்தல்

ஷிப்ட் தொடங்கும்போதே மெஷினைப் போட்டுப் பாருங்கள். பற்றரி நிறைந்திருக்கிறதா, புறோப் வயரில் வெடிப்பு இருக்கிறதா, ஜெல் இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும். மாரிகாலத்தில் கரன்ட் போகும் இரவுகளில்தான் நோயாளிகளும் கூட வருவார்கள். ஜெனரேற்றர் பிடிக்கும் இடைவெளியைப் பற்றரி தாங்க வேண்டும்.

நோயாளியின் வலப்பக்கத்தில் மெஷினை நிறுத்தி, திரையை உங்கள் கண்மட்டத்துக்குத் திருப்புங்கள். கழுத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தால் கை நகர்ந்துவிடும். பகல் வெளிச்சம் திரையில் அடித்தால் மங்கலான நீர்க்கோடு கண்ணில் படாது. யன்னல் திரையை இழுத்துவிடுங்கள்.

எதைச் செய்யப் போகிறீர்கள் என்று நோயாளியிடம் சொல்லுங்கள். "அம்மா, வயித்தில ஜெல் பூசப்போறன், கொஞ்சம் குளிரும். நோகிற இடம் வந்தா உடன சொல்லுங்கோ" என்றால் போதும், வயிற்றை இறுக்கிப் பிடிக்க மாட்டார். பெண் நோயாளி என்றால் ஒரு பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும். கட்டிலைச் சுற்றித் திரையும் இருக்க வேண்டும்.

பொதுவாக மூன்று புறோப் இருக்கும். வளைந்த முகமுள்ளது 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரை வேலை செய்யும். ஆழமாகப் போகும், வயிற்றுக்கு உகந்தது. நேரான முகமுள்ளது அதைவிட அதிக அதிர்வெண். ஆழம் போகாது, ஆனால் மேலே இருக்கும் நாளம், நுரையீரல் உறை எல்லாம் தெளிவாகத் தெரியும். சிறிய முகமுள்ள இதயப் புறோப் விலா இடுக்கால் எட்டிப் பார்க்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் வளைந்ததை வைத்தே விபத்து நோயாளியை முழுதாகப் பார்த்து முடிக்கலாம்.

3. படத்தைச் சரிசெய்தல்

வரிசை இது: பிரிசெட் (உறுப்புக்கேற்ப மெஷினில் முன்பே வைத்திருக்கும் அமைப்பு), ஆழம், கெய்ன் (படத்தின் வெளிச்ச அளவு). வயிற்றுக்கு வயிறு, இதயத்துக்கு இதயம் என்று பிரிசெட்டைத் தேர்ந்தெடுங்கள். இதய பிரிசெட்டில் திரையின் அடையாளப் புள்ளி வலப்பக்கம் போய்விடும், வயிற்றில் இடப்பக்கம் இருக்கும். இது தெரியாமல் பிரிசெட்டை மாற்றுபவர் இடமும் வலமும் மாறிப் படத்தை வாசிப்பார். சந்தேகம் என்றால் புறோப்பின் ஒரு ஓரத்தை விரலால் தட்டுங்கள். திரையில் எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்தால் விளங்கிவிடும்.

ஆழத்தைக் கூட்டித் தொடங்கி, தேவையான உறுப்பு திரையில் முக்கால் பங்கு வரும்வரை குறையுங்கள். ஆரம்பத்திலேயே ஆழம் குறைவாக இருந்தால் அடியில் கிடக்கும் நீர் திரைக்கு வெளியே போய்விடும்.

கெய்னைக் கூட்டினால் எல்லாம் வெள்ளையாகி, கறுப்பாகத் தெரிய வேண்டிய நீரும் சாம்பலாகிவிடும். குறைத்தால் திடமான பகுதியும் நீர் மாதிரிக் கறுக்கும். நிறைந்த சிறுநீர்ப்பையோ பெரிய நாளமோ தெரிந்தால் அதன் உட்பகுதி நல்ல கறுப்பாக வரும்வரை சரிசெய்யுங்கள். நீர் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

4. விபத்து நோயாளி: இ-ஃபாஸ்ட்

இ-ஃபாஸ்ட் என்பது விபத்து நோயாளியின் வயிறு, இதயம், நெஞ்சில் இரத்தமோ காற்றோ சேர்ந்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்க்கும் ஸ்கான். மோட்டார் சைக்கிள் விபத்து, பனையால் விழுந்தவர், மாடு முட்டியவர் என்று இங்கே வேலை அதிகம். எத்தனை அவசரம் என்றாலும் பார்வையின் வரிசையை மாற்றாதீர்கள். வரிசை மாறினால் ஒரு இடம் விடுபடும், விடுபட்டது நினைவுக்கும் வராது.

வலது மேல்வயிறு முதலில். ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே உள்ள மொறிசன் பையைத் தேடுகிறோம். புறோப்பின் அடையாளம் தலைப்பக்கம். நடு அக்குள் கோட்டில், கீழ் விலாக்களின் மேல் வையுங்கள். விலாவின் கறுத்த நிழல் படத்தை வெட்டினால் புறோப்பை விலா இடுக்கின் போக்குக்குச் சற்றே சாய்க்க வேண்டும். "ஐயா, மூச்சை உள்ள இழுத்துப் பிடியுங்கோ" என்று சொல்லுங்கள். ஈரல் கீழே இறங்கி, படம் திறக்கும்.

பெரும்பாலான தவறு இங்கேதான். ஈரலும் சிறுநீரகமும் ஒட்டிக் கிடப்பது அழகாகத் தெரிந்ததும் 'நீர் இல்லை' என்று புறோப்பை எடுத்துவிடுகிறார்கள். நீர் பல தடவை முதலில் சேருவது ஈரலின் கீழ் நுனியில். அந்த நுனி திரையில் வரும்வரை புறோப்பைக் கால்பக்கம் இறக்குங்கள். பிறகு சிறுநீரகம் முன்னால் தொடங்கிப் பின்னால் மறையும்வரை மெதுவாக விசிறுங்கள். அதன் பின் தலைப்பக்கம் ஏறி, பிரிமென்றகட்டுக்கு மேலே நெஞ்சறையில் நீர் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் இல்லாத நெஞ்சில் முள்ளந்தண்டின் வெள்ளைக்கோடு பிரிமென்றகட்டோடு நின்றுவிடும். அது மேலேயும் தொடர்ந்து தெரிந்தால் நெஞ்சறையில் நீரோ இரத்தமோ இருக்கிறது.

சுயாதீனமாகக் கிடக்கும் நீர் உறுப்புகளின் இடுக்குக்குள் போய்க் கூர்மையான முனையோடு நிற்கும். பித்தப்பை, பெருநாளம், நீர் நிறைந்த குடல் எல்லாம் வட்டமான சுவரோடு இருக்கும். சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பும் ஏமாற்றும். அது முழுக் கறுப்பாக இராது, மறுபக்கமும் அதே மாதிரி இருக்கும்.

அடுத்து இடது மேல்வயிறு. மண்ணீரல் நினைப்பதைவிடப் பின்னாலும் மேலேயும் இருக்கும். உங்கள் விரல் முட்டி கட்டில் விரிப்பைத் தொடும் அளவுக்குப் புறோப்பைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். இந்தப் பக்கம் மண்ணீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் மட்டும் பார்த்தால் போதாது. நீர் பெரும்பாலும் மண்ணீரலுக்கும் பிரிமென்றகட்டுக்கும் இடையில்தான் முதலில் கிடக்கும்.

பிறகு இடுப்பறை, குறுக்காகவும் நெடுக்காகவும். சலக்குழாய் போடுமுன் பாருங்கள். நிறைந்த சிறுநீர்ப்பைக்கு ஊடாகத்தான் பின்னால் இருப்பது தெரியும். வடித்துவிட்டால் அந்தப் பார்வை போய்விடும்.

நாலாவது இதயம், நெஞ்செலும்பின் கீழ் நுனியிலிருந்து. புறோப்பை மேலிருந்து பிடித்து, வயிற்றோடு கிட்டத்தட்டப் படுக்கவைத்து, இடது தோளை நோக்குங்கள். ஈரலை ஜன்னலாக வைத்தே இதயம் தெரியும். கடைசியாக இரண்டு பக்க நுரையீரல். அது அடுத்த பகுதியில்.

முடிவு எடுப்பது இப்படி. பிறஷர் இறங்கிய நோயாளி, வயிற்றில் நீர்: சத்திரசிகிச்சை நிபுணரைக் கூப்பிட்டு, இரத்தம் ஏற்றத் தொடங்கி, தியேட்டருக்கு. பிறஷர் நிலையாக இருக்கிறது, நீரும் இருக்கிறது: சி.ரி. ஸ்கான். நீர் இல்லை, ஆனால் பிறஷர் இறங்குகிறது: வேறு இடத்தில் இரத்தம் போகிறது. நெஞ்சு, இடுப்பெலும்பு, தொடையெலும்பு, வெளிக்காயம் எல்லாவற்றையும் திரும்பப் பாருங்கள். பனையால் விழுந்தவர்களில் இதை மறக்கவே கூடாது. இடுப்பெலும்பு உடைந்து வயிற்றறைக்குப் பின்னால் சேரும் இரத்தத்தை இந்த ஸ்கான் காட்டாது. குடல் கிழிந்ததையும் நம்பிக்கையாகக் காட்டாது.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள். நல்ல அனுபவமுள்ளவருக்கே மொறிசன் பையில் 200 மில்லிலீற்றர் அளவு சேர்ந்த பிறகுதான் தெரியத் தொடங்கும். நெடுந்தீவிலிருந்து படகில் குறிகாட்டுவான் வந்து, அங்கிருந்து நகருக்கு வரும் நோயாளிக்கு அது சேர நேரம் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வீதியில் அடிபட்டு உடனே வந்தவருக்கு நேரம் இல்லை. அவருடைய முதல் ஸ்கானில் நீர் இல்லை என்பதற்குப் பெறுமதி குறைவு. வலி கூடினாலோ, நாடித்துடிப்பு ஏறினாலோ, பிறஷர் இறங்கினாலோ உடனே திரும்ப எடுங்கள். எதுவும் மாறாவிட்டாலும் ஒரு தடவை திரும்ப எடுப்பது நல்லது.

5. நெஞ்சு: அசைவும் கோடுகளும்

படுத்திருக்கும் நோயாளியில் காற்று மேலே போகும். ஆகவே நியூமோதொரக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே நெஞ்சறையில் சேரும் காற்று) தேடும்போது நெஞ்சின் முன்பக்கம், இரண்டாம் மூன்றாம் விலா இடுக்கில் தொடங்க வேண்டும். புறோப் நெடுக்காக. இரண்டு விலாவும் அவற்றின் நிழலும் தெரிய, நடுவில் கொஞ்சம் ஆழத்தில் ஒரு வெள்ளைக்கோடு வரும். அதுதான் நுரையீரல் உறை. மூச்சோடு அந்தக் கோடு இடம்வலமாக வழுக்கினால் அந்த இடத்தில் காற்று இல்லை.

கை ஆடினாலும் கோடு ஆடும். சின்ன விரலை நோயாளியின் நெஞ்சில் ஊன்றிக்கொள்ளுங்கள். ஆழத்தையும் குறையுங்கள், கோடு பெரிதாகத் தெரியும். சந்தேகம் என்றால் எம் மோட் (ஒரே கோட்டின் அசைவை நேரத்தோடு வரைந்து காட்டும் முறை) போடுங்கள். வழுக்கும் நுரையீரலில் கோட்டுக்குக் கீழே மணல் தூவியது போல இருக்கும். வழுக்காததில் மேலும் கீழும் நேர்கோடுகளாகவே இருக்கும்.

வழுக்கவில்லை என்பதால் மட்டும் நியூமோதொரக்ஸ் என்று முடிவு செய்யாதீர்கள். மூச்சுக்குழாய் வலப்பக்கக் கிளைக்குள் ஆழமாகப் போயிருந்தால் இடது நுரையீரல் வழுக்காது. பழைய காசநோயால் உறை ஒட்டியிருந்தாலும் வழுக்காது. புறோப்பைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பாதி வழுக்கியும் பாதி வழுக்காமலும் நிற்கும் எல்லை தெரிந்தால் அதுதான் உறுதியான அடையாளம். அது கிடைக்காவிட்டால் நோயாளியின் நிலையையும் எக்ஸ்ரேயையும் சேர்த்து முடிவெடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். மூச்சுத் திணறி, பிறஷர் விழுந்து, ஒரு பக்கக் காற்றோசை இல்லாத நோயாளியில் காற்றை உடனே வெளியேற்ற வேண்டும். மெஷின் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

மூச்சுத்திணறலோடு வருபவரில் பி கோடுகளைத் தேடுங்கள். உறையிலிருந்து திரையின் அடிவரை மங்காமல் இறங்கும், மூச்சோடு அசையும் வெள்ளைக் கதிர்கள் அவை. ஒரு விலா இடுக்கில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் வழமைக்கு மாறு. இரண்டு பக்கமும் பரவலாக இருந்து, இதயமும் சரியாகச் சுருங்காவிட்டால் நுரையீரலில் நீர் தேங்கியிருக்கலாம். பி கோடு தெரியும் இடத்தில் நியூமோதொரக்ஸ் இல்லை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் வயலில் இறங்கி வேலை செய்தவர் காய்ச்சலோடும் மூச்சுத்திணறலோடும் வந்தால் அதே பி கோடுகள் எலிக்காய்ச்சலில் நுரையீரலுக்குள் இரத்தம் கசிவதாலும் இருக்கலாம். 2024 டிசம்பரில் இங்கே எலிக்காய்ச்சல் பரவியபோது காய்ச்சலோடு மூச்சுத்திணறிப் பலர் வந்தார்கள். கோடு ஒரே மாதிரித்தான். கதையைக் கேட்டால்தான் காரணம் தெரியும்.

6. பிறஷர் இறங்கிய நோயாளி

விபத்து இல்லை, காரணமும் தெரியவில்லை என்றால் வரிசை: இதயம், கீழ்ப்பெருநாளம் (உடலின் கீழ்ப்பகுதியிலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய நாளம்), நுரையீரல், வயிறு, பெருநாடி, கால் நாளங்கள்.

இதயத்தில் மூன்று கேள்விகள். சுற்றி நீர் இருக்கிறதா? இடது கீழறை நன்றாகச் சுருங்குகிறதா? வலது கீழறை இடதை விடப் பெரிதா? நெஞ்செலும்புக்கு இடப்பக்கம் வைத்து நெடுக்காகப் பார்க்கும்போது பின்னால் வட்டமாகத் தெரியும் இறங்கு பெருநாடியைக் கண்டுபிடியுங்கள். அதற்கு முன்னால் போகும் நீர் இதய உறைக்குள் இருப்பது. பின்னால் போவது இடது நெஞ்சறையில் இருப்பது. இதயத்துக்கு முன்னால் மட்டும் மெல்லிய கறுப்புப் பட்டை இருந்தால் அது கொழுப்பாகவும் இருக்கலாம்.

நீர் இருந்து, வலது கீழறை விரியும் நேரத்தில் உள்ளே மடிந்து, கீழ்ப்பெருநாளம் பருத்து அசையாமல் நின்றால் இதயம் நெரிபடுகிறது. சீனியரை உடனே கூப்பிடுங்கள். நீர் அதிகமாகவும் தோலுக்குக் கிட்டவும் இருக்கும் இடத்தை ஸ்கானிலேயே தேர்ந்துதான் ஊசி போட வேண்டும். காயத்தால் வந்த நெரிப்பு என்றால் இரத்தம் உறைந்திருக்கும், ஊசியில் வராது, அது சத்திரசிகிச்சைக்குரியது.

வலது கீழறை பெரிதாக இருந்தால் நுரையீரல் நாடியில் இரத்தக்கட்டி அடைத்திருக்கலாம். நாட்பட்ட நுரையீரல் நோயிலும் அது பெரிதாகும். அதன் வெளிச்சுவர் 5 மில்லிமீற்றரை விடத் தடித்திருந்தால் பழைய கோளாறு என்று யோசியுங்கள்.

கீழ்ப்பெருநாளத்துக்கு மட்டும் மிதமிஞ்சிய நம்பிக்கை வைக்கிறார்கள். 2.1 சென்ரிமீற்றருக்குள் இருந்து, மூக்கால் உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால் வலது மேலறை அழுத்தம் குறைவு. பருத்து, சுருங்காமல் இருந்தால் அழுத்தம் கூட. அவ்வளவுதான் அது சொல்லும். 'சுருங்குகிறது, ஆகவே சேலைன் ஏற்று' என்று அது சொல்லாது. டயாலிசிஸ் செய்பவர், இதயம் பலவீனமானவர் என்றால் ஒவ்வொரு தடவை சேலைன் ஏற்றிய பிறகும் நுரையீரலைப் பாருங்கள். புதிதாக பி கோடு வந்தால் நிறுத்துங்கள்.

வயதான புகைபிடிப்பவர் இடுப்பு நோவோடும் இறங்கிய பிறஷரோடும் வந்தால் 'சிறுநீரகக் கல்' என்று எழுதுமுன் வயிற்றுப் பெருநாடியை அளவிடுங்கள். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர்வரை, 3 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் புடைப்பு. உள்ளே ஒட்டிய இரத்தக்கட்டியை விட்டு நடு ஓட்டையை மட்டும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள்.

7. டெங்குக் காலம்

வடகீழ் பருவமழை தொடங்கினால் நோயாளிகளில் கணிசமானவர்கள் காய்ச்சலோடு வருவார்கள். இங்கே ஸ்கானின் கேள்வி ஒன்றுதான்: இரத்தக் குழாய்களிலிருந்து திரவக்கசிவு தொடங்கிவிட்டதா?

பாருங்கள்: வலது நெஞ்சறையின் அடி, மொறிசன் பை, இடுப்பறை, பித்தப்பைச் சுவர். நோயாளியைச் சற்று நிமிர்த்தி வைத்தால் நெஞ்சறையில் சிறிய அளவும் பிரிமென்றகட்டுக்கு மேலே தேங்கித் தெரியும். பித்தப்பைச் சுவர் 3 மில்லிமீற்றருக்கு மேல் தடித்திருந்தால் சந்தேகம் கூடும். ஆனால் சாப்பிட்ட உடனே பித்தப்பை சுருங்கிச் சுவர் தடித்துத் தெரியும் என்பதால் எப்போது சாப்பிட்டார் என்று கேளுங்கள். நெஞ்சறையிலோ வயிற்றிலோ உள்ள நீர்தான் உறுதியான சாட்சி.

நீர் தெரிந்தால் நோயாளி ஆபத்தான கட்டத்துக்குள் போய்விட்டார். அந்தக் கட்டம் 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். கசிவு தொடங்கிய நேரத்தைக் கணித்து எழுதுங்கள். திரவ அளவின் கணக்கு முழுவதும் அதிலிருந்துதான் போகும். ஒரு தடவை பார்த்து நீர் இல்லை என்பதற்காக வீட்டுக்கு அனுப்பக் கூடாது. காய்ச்சல் இறங்கும் நேரம்தான் கசிவு தொடங்கும் நேரம். அப்போது திரும்பப் பாருங்கள்.

நீர் கூடுகிறது, ஆனால் இரத்தச் செறிவு ஏறாமல் இறங்குகிறது என்றால் உள்ளே இரத்தம் போகிறதா என்று யோசியுங்கள். ஸ்கானில் கசிந்த திரவமும் இரத்தமும் ஒரே கறுப்பாகவே தெரியும். இதே காரணத்தால், காய்ச்சலோடு மோட்டார் சைக்கிளில் வந்து விழுந்தவரின் வயிற்று நீரை வைத்து மட்டும் தியேட்டருக்கு ஓடாதீர்கள். எத்தனை நாள் காய்ச்சல், பிளேற்லெற் எத்தனை என்று பாருங்கள்.

8. வயிற்றுநோவோடு வரும் இளம்பெண்

குழந்தை பெறும் வயதுள்ள எந்தப் பெண்ணுக்கும் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை. தாய் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மையான பதில் வராமல் போகலாம், தனியாகக் கேளுங்கள்.

கர்ப்பம் உறுதியானால் கேள்வி: கரு கருப்பைக்குள் இருக்கிறதா? கருப்பைக்குள் கருவுறையும் அதற்குள் மஞ்சட்கருப்பையோ சிசுவோ தெரிந்தால்தான் ஆம். வெறும் கறுப்பு வட்டம் மட்டும் போதாது. கருக்குழாயில் கர்ப்பம் இருக்கும்போதும் கருப்பைக்குள் அப்படி ஒன்று தெரியலாம். கருப்பை வெறுமையாக இருந்து, மொறிசன் பையில் நீரும் இருந்தால் மகப்பேற்று நிபுணரை உடனே கூப்பிட்டுத் தியேட்டரைத் தயார்படுத்துங்கள். நீர் இல்லாவிட்டாலும் கருப்பைக்குள் கரு தெரியாத பெண்ணை 'எல்லாம் சரி' என்று வீட்டுக்கு அனுப்ப வேண்டாம்.

9. ஊசிக்கு வழிகாட்டுதல்

கால் வீக்கத்தில் நாளத்தை அமுக்கிப் பார்ப்பது சுலபமான வேலை. இடுப்பு மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் அமுக்குங்கள்; நாளம் முழுதாக ஒட்டாவிட்டால் உள்ளே இரத்தக்கட்டி. அதே அமுக்கம்தான் ஊசி போடும்போதும் உதவும். அமுக்கினால் ஒட்டுவது நாளம், துடித்துக்கொண்டு ஒட்டாமல் நிற்பது நாடி.

குறுக்குப் பார்வையில் ஊசி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அது நுனியா நடுத்தண்டா என்று அந்தப் படத்தில் தெரியாது. எல்லாரும் இடறும் இடம் இதுதான். ஊசியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், புறோப்பைக் கொஞ்சம் முன்னால் நகர்த்துங்கள், புள்ளி மறையும். திரும்ப ஊசியைத் தள்ளுங்கள், புள்ளி தோன்றும். அப்படித் தோன்றும் புள்ளிதான் நுனி. நாளத்துக்குள் நுனி தெரிந்த பிறகும் ஊசியைப் படுக்கவைத்து இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோங்கள். இரத்தம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தினால் கனியூலா வெளியே கழன்றுவிடும்.

கழுத்து நாளத்தில் என்றால் கிருமிநீக்கிய உறையும் ஜெல்லும் கட்டாயம். வழிகாட்டிக் கம்பி நாளத்துக்குள் இருப்பதை நீளவாக்கில் பார்த்த பிறகே துளையைப் பெரிதாக்க வேண்டும். முடிந்ததும் அந்தப் பக்க நுரையீரல் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

10. இதயம் நின்றவர்

நெஞ்சை அமுக்குவதுதான் இங்கே முக்கியம், ஸ்கான் அதற்குப் பின்னால். அமுக்கிக்கொண்டிருக்கும்போதே புறோப்பை நெஞ்செலும்பின் கீழே தயாராக வையுங்கள். நாடி பார்க்க நிறுத்தும் 10 செக்கனுக்குள் வீடியோவாகப் பதிந்துவிட்டு எடுத்துவிடுங்கள். ஒருவர் சத்தமாகச் செக்கனை எண்ண வேண்டும். அமுக்கல் திரும்பத் தொடங்கிய பிறகு வீடியோவைப் பாருங்கள்: நீர் நெரிக்கிறதா, வலது பக்கம் பருத்திருக்கிறதா, இதயம் அசைகிறதா. படம் கிடைக்கவில்லை என்றால் அடுத்த நிறுத்தம்வரை பொறுங்கள்.

11. துடைப்பதும் எழுதுவதும்

ஜெல்லை ரிசுவால் முழுதாகத் துடைத்த பிறகே கிருமிநீக்கி போட வேண்டும். ஜெல் படிந்திருந்தால் கிருமிநீக்கி புறோப்பின் முகத்தைத் தொடாது. கம்பனி சொன்ன திரவத்தையே பாவியுங்கள். ஸ்பிரிட் சில புறோப்புகளின் முகப்பைக் கெடுத்துவிடும்.

பி.எச்.ரி.யில் (நோயாளியின் கட்டில் குறிப்பேட்டில்) எழுத வேண்டியவை: எடுத்த நேரம், எடுத்தவர் பெயர், கேள்வி, பார்த்த ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி விடை, அதனால் செய்தது. 'ஸ்கான் நோர்மல்' என்று எழுதக் கூடாது. 'வலது மேல்வயிறு நீர் இல்லை, இடது மேல்வயிறு வாயுவால் தெரியவில்லை, இடுப்பறை நீர் இல்லை' என்று எழுதினால் வோட்டில் பொறுப்பெடுப்பவருக்கு எங்கே திரும்பப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஏதாவது கண்ணில் பட்டால், ஈரலில் ஒரு கட்டி, சிறுநீரகத்தில் வீக்கம் போல, அதற்குப் பெயர் வைக்காமல் கண்டதை மட்டும் எழுதி, ரேடியோலொஜி ஸ்கானுக்குக் கோரிக்கைத் துண்டையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். நோயாளிக்கோ கூட வந்தவருக்கோ அதைச் சொல்லி, எந்தக் கிளினிக்குக்கு எப்போது வர வேண்டும் என்று கொப்பியில் குறித்துக் கொடுங்கள்.